முதல் வீடு வாங்கியவர்கள் கேட்ட கேள்விகள்



நம் சங்கத்தில் செயலாளராக இருப்பவருக்கு ஒரு சின்ன வேலை உண்டு. வளாகத்தில் யாராவது வீட்டை விற்றால், பராமரிப்புக் கட்டணம் பாக்கி இல்லை என்று சான்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வாங்க, விற்பவரோடு வாங்குபவரும் வருவார். சில வருடங்களாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால், முதல்முறையாக வீடு வாங்கும் பலரோடு பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது.

சென்ற மாதம் ஒரு குடும்பம் வந்தது. இரண்டாவது மாடி வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். வாங்கும் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். "அங்கிள், லிஃப்டுக்கு பவர் பேக்கப் இருக்கா? பார்க்கிங் மேல கூரை இருக்கா? மெயின்டனன்ஸ் எவ்வளவு?" என்று கேட்டார். அவருடைய அப்பா பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கட்டை எடுத்து, "சார், தாய்ப் பத்திரம் ஒரிஜினல் யார் கையில இருக்கு? பட்டாவுல பேர் மாறியிருக்கா?" என்றார். கூட வந்த பாட்டி அதுவரை ஒன்றும் பேசவில்லை. எழுந்து போகும்போது, "தம்பி, கோடையில தண்ணி எப்படி?" என்று மட்டும் கேட்டார்.

அவர்கள் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். ஒரே வீட்டைப் பற்றித்தான் மூவரும் கேட்டார்கள். ஆனால் மூன்றும் மூன்று காலத்துக் கேள்விகள். முதல் வீடு வாங்குபவர் எதை முக்கியம் என்று நினைக்கிறாரோ, அது அவருக்கு முந்திய தலைமுறை எதில் அடிபட்டதோ அதைப் பொறுத்தே அமைகிறது. அந்த வரலாற்றைத்தான் இந்த இதழில் எழுத நினைத்தேன். அந்த மூவரும் கேட்காத இன்னொரு கேள்வியும் உண்டு. 1995-ல் இங்கே வீடு வாங்கியபோது நானும் அதைக் கேட்கவில்லை. அதன் பலன் இப்போது நம் எல்லோர் முன்னாலும் நிற்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மனையும் கிணறும்

நூறு வருடத்துக்கு முன்பு சென்னையில் நடுத்தரக் குடும்பங்கள் பெரும்பாலும் வாடகை வீட்டில்தான் இருந்தன. சொந்த வீடு என்றால் மனை வாங்கிக் கட்டுவது. கட்டிய வீட்டில் ஒரு தளத்தை மட்டும் வாங்கலாம் என்ற எண்ணமே அப்போது பழக்கத்தில் இல்லை.

1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டில்தான் மாம்பலம் பக்கம் இருந்த நீண்ட ஏரியைத் தூர்த்து, மனை பிரித்து, தெருக்கள் போட்டு தியாகராய நகரை உருவாக்கினார்கள். நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயர் நகருக்கும், முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயர் நடுவில் இருந்த பூங்காவுக்கும் வைக்கப்பட்டன. ஏரி போய்விட்டது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்று பெயர்கள் மட்டும் இன்றும் இருக்கின்றன.

அன்று மனை வாங்கியவருக்கு ஏரி ஒரு குறையாகத் தெரியவில்லை. ஏரி இருந்த இடம் என்றால் கிணற்றில் தண்ணீர் இருக்கும். மனையைப் பார்க்க வருபவர் பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, வாயில் விட்டுப் பார்ப்பார். உப்பா, நல்ல தண்ணீரா என்பதுதான் முதல் கேள்வி. வீடு கட்டவும் தண்ணீர் வேண்டும் என்பதால் பல இடங்களில் முதலில் கிணறு வெட்டி, பிறகுதான் கடைக்கால் போட்டார்கள்.

அடுத்த கேள்வி ரயில். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. அலுவலகம் கோட்டைப் பக்கமோ பாரிமுனையிலோ இருக்க, வீடு மாம்பலத்திலோ குரோம்பேட்டையிலோ இருக்கலாம் என்ற நிலை வந்தது. "ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்" என்ற வார்த்தை மனை விளம்பரங்களில் இன்றுவரை போகவில்லை.

குடிநீரைப் பொறுத்தவரை நகரம் அன்றும் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் இருந்தது. செங்குன்றம், சோழவரம் ஏரிகளோடு 1944-ல் பூண்டி நீர்த்தேக்கமும் சேர்ந்தது. அதற்காக முயன்ற சத்தியமூர்த்தியின் பெயரே பிறகு அதற்கு வைக்கப்பட்டது. மழை பொய்த்த வருடங்களில் குழாய் வறண்டது. கிணறு உள்ள வீட்டுக்காரர் மட்டும் தாக்குப்பிடித்தார். அந்தப் பாட்டியின் கேள்வி இந்தக் காலத்தைச் சேர்ந்தது.

ஒதுக்கீடாக வந்த வீடு

சுதந்திரத்துக்குப் பிறகு நகரத்துக்கு வந்து சேர்ந்த கூட்டத்துக்கு மனை வாங்கிக் கட்டும் வசதி இல்லை. அடையாறு காந்தி நகர் போல, கூட்டுறவு வீடு கட்டும் சங்கங்களில் உறுப்பினராகி மனை பெற்றவர்கள் ஒரு வகை. நகர மேம்பாட்டு டிரஸ்டின் திட்டங்களில் வீடு பெற்றவர்கள் இன்னொரு வகை. சி.ஐ.டி. நகர் என்ற பெயரில் அந்த டிரஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1961-ல் அந்தப் பணிகளை ஏற்று வீட்டுவசதி வாரியம் உருவானது. 1968-ல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தைச் சுற்றி அண்ணா நகர் வளர்ந்தது. அசோக் நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் எல்லாம் வாரியத்தின் கை பட்டவை.

எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. என்ற எழுத்துகள் நம் வீட்டுப் பேச்சில் நுழைந்தது அப்போதுதான். குறைந்த வருவாய், நடுத்தர வருவாய், உயர் வருவாய் என்ற வகைப்பாடு அது. விண்ணப்பம் போட்டு, குலுக்கலுக்குக் காத்திருந்து, ஒதுக்கீட்டு ஆணை வந்ததும் கோயிலில் தேங்காய் உடைத்த குடும்பங்கள் ஏராளம். தண்ணீர், சாலை, சாக்கடை, பூங்கா எல்லாவற்றையும் அரசே போட்டுக் கொடுக்கும் என்ற நம்பிக்கையில் வாங்குபவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: மாதத் தவணை எவ்வளவு, எத்தனை வருடம்?

இதிலும் ஒரு பாடம் இருந்தது. தவணை முழுவதையும் கட்டி முடித்தவர்கள் பலருக்குக் கிரயப் பத்திரம் உடனே கைக்கு வரவில்லை. நிலம் கொடுத்தவர்கள் கூடுதல் இழப்பீடு கேட்டு நீதிமன்றம் போயிருப்பார்கள். வழக்கு முடிந்து நிலத்தின் விலை முடிவானால்தான் வீட்டின் இறுதி விலையும் முடிவாகும். இருபது வருடம் தவணை கட்டியவரிடம் மேலும் ஒரு தொகை கேட்டுக் கடிதம் வந்த கதைகள் உண்டு. வீட்டில் குடியிருப்பது வேறு, வீட்டுக்குச் சொந்தக்காரராக இருப்பது வேறு என்பதை அந்தத் தலைமுறை இப்படித்தான் கற்றது.

தாய்ப் பத்திரம் எங்கே?

1970-களில் நகரம் எல்லை தாண்டிப் பரவியது. 1971-ல் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சி.எம்.டி.ஏ. என்று இன்று நாம் சொல்லும் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அமைந்தது. ஆனால் நம் மடிப்பாக்கம் போன்ற ஊர்கள் அப்போது பஞ்சாயத்துகள். வயலும் ஏரிப் பாசனமும் இருந்த நிலத்தைக் கல் நட்டு மனையாக்கி விற்றார்கள். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து போட்ட வரைபடத்தைக் காட்டி "அப்ரூவல் இருக்கு" என்றார்கள். திட்ட அனுமதி தர வேண்டியது வேறு அமைப்பு என்பது வாங்கிய பலருக்குத் தெரியாது.

1978-ல் தமிழ்நாட்டில் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒருவர் அளவுக்கு மேல் வைத்திருந்த நிலம் மிகை நிலம் என்று அரசுக்குப் போனது. அப்படிப் போன நிலத்திலிருந்தே மனை வாங்கியவர்கள் உண்டு. பத்திரம் பதிவாகியிருக்கும், வீடும் கட்டியிருப்பார்கள். பட்டா மாற்றப் போகும்போதுதான் நிலம் அரசுடையது என்று தெரியும். 1999-ல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் அறியாமல் வாங்கியவர்களுக்கு வரன்முறை செய்து தருவதற்கு அதன் பிறகும் தனித் திட்டங்கள் தேவைப்பட்டன.

அந்த அப்பா தாய்ப் பத்திரத்தின் அசலைக் கேட்டதற்கும் ஒரு பழைய காரணம் உண்டு. 1882-ம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டம், சென்னை, பம்பாய், கல்கத்தா போன்ற நகரங்களில் ஒரு வசதி கொடுத்தது. பத்திரத்தைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்தாலே அது அடமானம் ஆகிவிடும். எழுதிப் பதிவு செய்ய வேண்டியதில்லை. வணிகர்களுக்கு இது பெரிய வசதி. வீடு வாங்குபவருக்கோ பெரிய ஆபத்து. பதிவான விவரங்கள் மட்டும்தான் வில்லங்கச் சான்றில் வரும். பத்திரத்தை ஒருவரிடம் கொடுத்துப் பணம் வாங்கியது அதில் வராது. முப்பது வருட வில்லங்கம் சுத்தமாக இருக்கும், வீடோ அடமானத்தில் இருக்கும். அதனால்தான் பெரியவர்கள் "ஜெராக்ஸ் வேண்டாம், அசலைக் காட்டுங்கள்" என்று பிடிவாதம் பிடித்தார்கள். பத்திரத்தை ஒப்படைக்கும் அடமானங்களைப் பதிவு செய்யும் முறை இப்போது வந்துவிட்டாலும், அந்தப் பிடிவாதம் நல்ல பிடிவாதம்தான்.

பவர் பத்திரமும் அப்படித்தான். பொது அதிகாரப் பத்திரம் வாங்கிக்கொண்டு, முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, சொந்த வீடு என்று இருந்தவர்கள் பலர். அது உரிமையை மாற்றாது, கிரயப் பத்திரம் பதிவாக வேண்டும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அனுமதி பெறாத மனைகளின் பதிவை 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை செய்தபோது, நம் பகுதியில் எத்தனை குடும்பங்கள் மனையை விற்கவும் முடியாமல், கடன் வாங்கவும் முடியாமல் தவித்தன என்பது உங்களுக்கே நினைவிருக்கும். 2017-ல் வரன்முறை விதிகள் வந்த பிறகே ஓரளவு மூச்சு விட்டார்கள்.

கடன் வந்தது, வயது குறைந்தது

என் அப்பா காலத்தில் வீடு கட்டியவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெறும் வயதில் கட்டினார்கள். சேமநல நிதி, அம்மாவின் நகை, அலுவலகத்தில் வீடு கட்ட முன்பணம் என்று மூன்றையும் சேர்த்தால்தான் கூரை வரை போகும். வீட்டுக் கடன் கொடுப்பதற்கென்றே எச்.டி.எஃப்.சி. 1977-ல் தொடங்கியது. 1988-ல் தேசிய வீட்டுவசதி வங்கி அமைந்தது. 1989-ல் எல்.ஐ.சி.யும் இதற்கெனத் தனி நிறுவனம் தொடங்கியது. பிறகு மற்ற வங்கிகளும் இறங்கின.

வட்டி குறைந்ததுதான் உண்மையான திருப்பம். 1990-களில் 15 சதவீதம்கூடக் கட்டியவர்கள் நம் வளாகத்திலேயே இருக்கிறார்கள். 2003, 2004 வாக்கில் அது 8 சதவீதத்தை ஒட்டி வந்தது. 10 லட்ச ரூபாய்க் கடனை 20 வருடத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 15 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 13,170 ரூபாய். 8 சதவீதத்தில் சுமார் 8,360 ரூபாய். அதே காலத்தில் வீட்டுக் கடன் வட்டிக்கு வருமான வரிக் கழிவும் உயர்ந்தது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. ஐம்பத்தைந்து வயதில் வீடு வாங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் இருபத்தெட்டு வயதில் வாங்க ஆரம்பித்தார்கள்.

நல்ல மாற்றம்தான். ஆனால் ஒரு பழக்கமும் கூடவே வந்தது. "பேங்க் லோன் கொடுத்துட்டாங்க, அப்ப டாகுமெண்ட் எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்ற நம்பிக்கை. வங்கியின் வழக்கறிஞர் பத்திரங்களைப் பார்ப்பது உண்மை. கொடுத்த கடன் திரும்பி வருமா என்ற கண்ணோடுதான் அவர் பார்க்கிறார். கோடையில் தண்ணீர் லாரி வருமா, மழையில் தெரு மூழ்குமா, நிலத்தில் உங்கள் பங்கு நியாயமான அளவா என்பதெல்லாம் அவர் வேலை இல்லை. மாதத் தவணை கைக்கு அடங்குமா என்பதே முதல் கேள்வியாக மாறிய பிறகு, பழைய கேள்விகள் பலருடைய பட்டியலிலிருந்து மெல்லக் கழன்றுவிட்டன.

நான் கேட்காத கேள்வி

இப்போது என் கதை. 1995-ல் இந்த வீட்டை வாங்கும்போது எனக்கு முப்பத்தாறு வயது. முதல் வீடு. கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். வில்லங்கம் பார்த்தேன். அசல் பத்திரம் பார்த்தேன். அப்பா சொல்லிக் கொடுத்ததை எல்லாம் செய்தேன். ஆனால் அப்பா வாங்கியது மனை. நான் வாங்கியது அடுக்குமாடியில் ஒரு வீடு. அதற்கு வேண்டிய கேள்வி அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சென்னையில் அடுக்குமாடி வீடு விற்கும் முறை நெடுநாள் இப்படித்தான் இருந்தது. பத்திரத்தில் பதிவாவது நிலத்தின் பிரிக்கப்படாத பங்கு. இதைத்தான் யூ.டி.எஸ். என்கிறோம். வீட்டைக் கட்டித் தருவதற்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம். ஆக, நீங்கள் பத்திரப்படி வாங்கியது அந்த நிலத்தில் இத்தனை சதுர அடி என்பதைத்தான். வீட்டின் சுவருக்கும் தரைக்கும் வயதாகும், மதிப்பு குறையும். நிலத்தின் பங்குதான் நாளாக நாளாக மதிப்பு ஏறும்.

கணக்கு எளியது. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. நம் வளாகம் எட்டு கிரவுண்டு, அதாவது 19,200 சதுர அடி. அன்றைய விதிப்படி சாதாரணக் கட்டடத்துக்கு நிலத்தின் ஒன்றரை மடங்கு கட்டலாம். அது 28,800 சதுர அடி. சராசரியாக 900 சதுர அடி வீதம் 32 வீடுகள். அப்படியானால் ஒரு வீட்டுக்கு நிலத்தில் 600 சதுர அடி வர வேண்டும்.

என் பத்திரத்தில் இருப்பது 540.

இதை நான் கவனித்தது போன வருடம்தான். மறுகட்டுமானம் பற்றிப் பொதுக்குழுவில் பேச்சு வந்தபோது, கையில் கிடைத்த பத்திர நகல்களை எல்லாம் கூட்டிப் பார்த்தோம். 32 வீட்டுக்கும் சேர்த்து 17,600 சதுர அடிதான் வருகிறது. மீதி 1,600 சதுர அடி, முக்கால் கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு, யாருக்கும் எழுதிக் கொடுக்கப்படவில்லை. காகிதத்தில் அது இன்னும் பழைய நில உரிமையாளரின் பெயரிலேயே இருக்கிறது. கட்டியவர் நம்மிடம் கட்டடத்துக்கு முழு விலை வாங்கினார். நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எழுதினார். கேட்டிருந்தால் அன்றே சரிசெய்திருக்கலாம். 32 பேரில் ஒருவரும் கேட்கவில்லை. பத்திரத்தை வாசித்து, பூஜை போட்டு, பீரோவில் வைத்தோம்.

இது ஏன் இப்போது முக்கியம் என்றால், சட்டம் மாறியிருக்கிறது. 1994-ம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்று அது சொல்கிறது. 2019-ம் ஆண்டு கட்டட விதிகளின்படி இப்போது நிலத்தின் இரண்டு மடங்கு வரை கட்ட முடியும். நமக்குப் புதிய வீடாக எவ்வளவு வரும் என்பதை முடிவு செய்யப்போவது நம் யூ.டி.எஸ்.தான். அந்த 1,600 சதுர அடிக்கு யாரோ வந்து பங்கு கேட்டால், நம் ஒவ்வொருவருக்கும் அது இழப்பு.

மூன்று வருடங்கள் சேர்த்த கேள்விகள்

பட்டியலில் புதிதாகக் கேள்வி சேர்வது நிற்கவில்லை. மூன்று வருடங்களை மட்டும் சொல்கிறேன்.

2003. அடுத்தடுத்து மழை பொய்த்து நகரம் வறண்டது. எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு ஆணையிட்டது. கிருஷ்ணா நீர் 1996-லேயே பூண்டிக்கு வந்திருந்தது, அது போதவில்லை. 2004-ல் வீராணம் தண்ணீர் வந்தது, பின்னர் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்தன. அவ்வளவுக்குப் பிறகும் 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. மாதப் பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு, அந்தக் கோடையில் லாரித் தண்ணீருக்குத் தனியாக எவ்வளவு பிரித்தோம் என்று கேட்காமல் போனால், கேட்டது பாதிக் கணக்குதான்.

2014. ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்கு வந்த ஏழைகள். அதில் வீட்டுக்குப் பணம் கட்டியிருந்த குடும்பங்களும் இருந்தன. அதே வளாகத்தின் இரண்டாவது கட்டடம் 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. மண் பரிசோதனை நடந்ததா, கட்டமைப்புப் பொறியாளர் யார் என்று சாதாரண மனிதர்கள் கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

2015. டிசம்பர் 1 இரவு யாருக்கும் மறக்காது. நம் தரைத்தள வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். பீரோவின் அடித்தட்டில் பத்திரங்களை வைத்திருந்தவர்கள் அவற்றை மொட்டை மாடியில் காய வைத்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மறுபடி நினைவூட்டியது. நூறு வருடத்துக்கு முன்பு ஏரி இருந்த இடம் என்றால் கிணற்றுக்கு நல்லது என்று மகிழ்ந்தார்கள். இன்று அதே வார்த்தை வீடு வாங்குபவரை யோசிக்க வைக்கிறது.

இவற்றோடு 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தையும் சொல்ல வேண்டும். ரெரா என்கிறோம். புதுக் குடியிருப்புத் திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும், சுவருக்குள் உள்ள தரைப்பரப்பைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது, ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்புக் குறை தெரியவந்தால் சரிசெய்து தர வேண்டும் என்பவை அதன் முக்கிய விதிகள். ஏமாந்தவர்களின் பட்டியலைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும். ஆனால் நம் வீடு போன்ற பழைய வீட்டைக் கைமாற்றாக வாங்குபவருக்கு அது அதிகம் உதவாது. அவருக்குத் துணை அவர் கேட்கும் கேள்விதான்.

எந்த வரிசையில் கேட்பது?

அந்தக் குடும்பம் மறுபடி வந்தால் கொடுக்கலாம் என்று ஒரு வரிசை எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் வீடு தேடிக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் ஆகும். பின்னால் மாற்றவே முடியாதது எதுவோ, அதை முன்னால் கேட்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

முதலில் இடம். 2015-லும் 2023-லும் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதைத் தரகரிடம் கேட்காமல் எதிர் மளிகைக் கடையில் கேளுங்கள். இரண்டாவது தண்ணீர். மே மாதத்தில் கிணறும் ஆழ்துளையும் எப்படி, லாரி எத்தனை. மூன்றாவது நிலத்தின் உரிமை. தாய்ப் பத்திரத்தின் அசல், வில்லங்கச் சான்று, பட்டா. நான்காவது அனுமதி. அனுமதி பெற்ற வரைபடமும் கட்டியிருப்பதும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. ஐந்தாவது யூ.டி.எஸ். உங்கள் பங்கு மட்டும் போதாது. மொத்த நிலம் எவ்வளவு, எல்லா வீட்டின் பங்கும் கூட்டினால் சரியாக வருகிறதா என்பதையும் பாருங்கள். ஆறாவது மாதத் தவணை. வேலை ஆறு மாதம் இல்லாமல் போனாலும் கட்ட முடியுமா என்ற கணக்கோடு. பார்க்கிங்கும் பவர் பேக்கப்பும் அதற்குப் பிறகு. அவை முக்கியமில்லை என்று சொல்லவில்லை. ஜெனரேட்டரை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். நாமே 2008-ல்தான் வாங்கினோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கேள்விகளை முன்பணம் கொடுப்பதற்கு முன்பு கேட்க வேண்டும். என்னிடம் வருபவர்கள் எல்லோரும் கொடுத்த பிறகுதான் வருகிறார்கள். அந்தப் பெண்ணிடம் யூ.டி.எஸ். விஷயத்தை நானாகவே சொன்னேன். விற்பவர் என் பழைய நண்பர், அவருக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனாலும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. அவர்கள் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள். வாங்குவார்கள் என்றே நினைக்கிறேன். பாட்டிக்கு நம் கிணற்றுத் தண்ணீர் பிடித்திருந்தது.

உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். 32 வீடுகளில் இதுவரை 27 வீட்டின் பத்திர நகல்தான் அலுவலகத்தில் இருக்கிறது. மற்ற ஐந்தின் அளவை அவரவர் போனில் சொன்னதை வைத்தே மேலே உள்ள கணக்கைப் போட்டோம். அந்த 1,600 சதுர அடியைப் பழைய உரிமையாளரின் வாரிசுகளிடமிருந்து நம் பெயருக்கு எழுதி வாங்க வழக்கறிஞரைப் பார்க்கும் முன், எல்லாப் பத்திரமும் கையில் இருக்க வேண்டும். மீதி ஐந்து வீட்டுக்காரர்களும், வெளிநாட்டில் இருப்பவர்கள் மின்னஞ்சலிலாவது, அடுத்த பொதுக்குழுவுக்குள் நகலைக் கொடுத்து உதவுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 மணி முதல் 12 மணி வரை அலுவலகத்தில் இருப்பேன்.

அன்புடன்,
செயலாளர்